நாகத்துள் ஈயம்: பழைய கார்களின் வார்ப்புறுப்புகளும் தங்கவயலின் துத்தநாகமும்

சித்த மருத்துவத்தில் நாக பற்பம் என்பது துத்தநாகத்தைப் புடமிட்டுச் செய்யப்படும் மருந்து. ஆயுர்வேதத்தில் நாக பஸ்மம் என்பது காரீயத்தைப் புடமிட்டுச் செய்யப்படுவது. துத்தநாகத்திலிருந்து செய்யப்படுவதற்கு அங்கே யசத பஸ்மம் என்று பெயர். ஒரே சொல் இரு மருத்துவ மரபுகளில் இரு வேறு உலோகங்களைக் குறிக்கிறது. வடமொழியில் நாகம் என்றால் ஈயம். தமிழில் அச்சொல் துத்தம் என்பதோடு கூடித் துத்தநாகமாகி, பின் நாகம் என்று சுருங்கியும் துத்தநாகத்தையே சுட்டி நின்றது. இந்தியத் துறைமுகங்களில் வழங்கிய இச்சொல்லைப் போர்த்துகீசியர் எடுத்துக்கொண்டனர். அவர்கள் வழியே அது ஆங்கில வணிகர்களின் கணக்கேடுகளிலும் டூட்டனேக் என்று ஏறியது.

இதைச் சொல் வரலாற்றில் நேர்ந்த குழப்பம் என்று ஒதுக்கிவிட இயலாது. இயற்கையிலும் இவ்விரு உலோகங்களும் பிரியாதவை. துத்தநாகத் தாது கிடைக்கும் இடங்களில் பெரும்பாலும் காரீயத் தாதும் உடன் கிடைக்கும். இடைக்காலத்தில் துத்தநாகத்தைப் பெருமளவில் வாலைவடித்துப் பிரித்த ராஜஸ்தானத்து ஜாவர், இன்றும் ஈய-துத்தநாகச் சுரங்கப் பகுதியே. பழைய முறையில் உருக்கி எடுத்த சாதாரணத் துத்தநாகத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவுக்குக் காரீயம் தங்கியிருப்பது வழக்கம். இந்த ஒரு பங்கு ஈயம் இரண்டு வரலாறுகளில் இடம்பெறுகிறது. ஒன்று, உலகெங்கும் பழைய கார்களைச் செப்பனிடுவோருக்குத் தீராத தொல்லையாகிய ‘பாட் மெட்டல்’ உறுப்புகளின் வரலாறு. மற்றொன்று, கோலார் தங்கவயலில் பாறைத்தூளிலிருந்து பொன்னைப் பிரித்தெடுத்த வரலாறு. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால், பழுதுபார்த்தல் என்னும் தொழில் எவ்வகை அறிவு என்பது ஓரளவு தெளிவாகும்.

பாட் மெட்டல் என்பதற்குப் பானை உலோகம் என்று பொருள். முற்காலத்தில் பெரிய பானைகள் வார்க்கப் பயன்பட்ட, செம்பும் ஈயமும் கலந்த மலிவான உலோகத்துக்கு வழங்கிய பெயர் அது. இருபதாம் நூற்றாண்டில் துத்தநாகத்தை அடிப்படையாகக் கொண்ட மலிவான அச்சுவார்ப்புகளுக்கு அப்பெயர் இடம் மாறியது. தூய துத்தநாகம் 419.5 பாகை செல்சியசில் உருகும்; அலுமினியம் கலந்த வார்ப்புக் கலவை அதற்கும் சற்றுக் கீழேயே உருகும். இத்தனை குறைந்த வெப்பத்தில் உருகுவதால் எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தி, நுண்ணிய வேலைப்பாடுள்ள உறுப்புகளை ஆயிரக்கணக்கில் விரைவாக எடுக்கலாம். தொழிற்சாலை வழக்கில் டை காஸ்டிங் எனப்படுவது இதுவே. 1920களிலிருந்து கதவுக் கைப்பிடி, விளக்கு வளையம், முகப்புச் சின்னம், கிரில், கார்புரேட்டரின் உடல், எரிபொருள் பம்பின் கூடு எனக் காரின் பல உறுப்புகள் இவ்வாறு செய்யப்பட்டன. மேலே செம்பும் நிக்கலும் குரோமியமும் பூசப்பட்டதால், உள்ளே இருப்பது என்ன உலோகம் என்பது வாங்குவோர் கண்ணில் படவில்லை.

சில ஆண்டுகள் கடந்தபின் அது தெரிய வந்தது. யாரும் தொடாமலே உறுப்புகள் உப்பின. மேற்பூச்சில் கொப்புளங்கள் எழுந்தன. சிலந்திவலை போல விரிசல் ஓடியது. ஒரு கட்டத்தில் கைப்பிடி கையிலேயே பொடிந்தது. இந்நோய் 1923இல் ஒரு சிக்கலாக அடையாளம் காணப்பட்டது. ஆங்கிலத்தில் இதற்குத் துத்தநாகக் கொள்ளைநோய் என்ற பொருளில் பெயர் வழங்குகிறது. காரணம் காரீயம், அதனோடு வெள்ளீயமும் காட்மியமும். வார்ப்பு உறையும்போது இவை துத்தநாகப் படிகங்களுக்குள் கரையாமல், படிகத்துக்கும் படிகத்துக்கும் இடையிலான எல்லைகளில் ஒதுங்குகின்றன. வெப்பமும் ஈரமும் சேரும்போது அரிப்பு அந்த எல்லைகள் வழியே உள்நோக்கிப் பரவுகிறது. அரிப்பில் விளையும் பொருளுக்குக் கூடுதல் இடம் வேண்டும். ஆகவே உறுப்பு உப்புகிறது, பின் பிளக்கிறது. இரும்பில் துரு வெளியிலிருந்து உள்ளே செல்லும். சுரண்டி எடுத்தால் உள்ளே நல்ல இரும்பு இருக்கும். இங்கே கேடு வார்த்த நாளிலேயே உள்ளே வைக்கப்பட்டுவிட்டது.

1929இல் நியூ ஜெர்சி ஜிங்க் கம்பெனி இதற்கு ஒரு தீர்வைத் தந்தது. 99.99 விழுக்காடு தூய்மையுள்ள துத்தநாகத்தோடு ஏறத்தாழ 4 விழுக்காடு அலுமினியமும், சிறிதளவு மக்னீசியமும், சில வகைகளில் செம்பும் சேர்த்த கலவை அது. ஜிங்க், அலுமினியம், மக்னீசியம், செம்பைக் குறிக்கும் குப்ஃபர் என்ற ஜெர்மன் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து அதற்கு ஜமக் என்று பெயரிட்டனர். இக்கலவையில் காரீயத்துக்கு அனுமதிக்கப்பட்ட அளவு நூறாயிரத்தில் ஐந்து பங்கு போல மிகக் குறைவு. ஆனால் தூய உலோகம் விலை கூடியது. கழிவு உலோகத்தை மீண்டும் உருக்கிக் கலந்த பட்டறைகளில் பழைய நோய் திரும்ப வந்தது. எனவே 1920களிலிருந்து 1950கள் வரை வார்க்கப்பட்ட உறுப்புகளில் எது நல்லது, எது நோயுற்றது என்பதை ஆண்டைப் பார்த்து மட்டும் சொல்ல முடிவதில்லை.

தென்னிந்தியாவில் இவ்வுறுப்புகளைச் செப்பனிடுவது அன்று விருப்பத்தின் பொருட்டு அன்று, கட்டாயத்தின் பொருட்டு. 1949இல் முழுமையாகக் கட்டப்பட்ட கார்களின் இறக்குமதிக்கு அரசு தடை விதித்தது. 1953இல் சுங்கவரி ஆணையத்தின் பரிந்துரையை ஒட்டி, உள்நாட்டு உற்பத்தித் திட்டம் உள்ள நிறுவனங்கள் மட்டுமே தொடரலாம் என்ற நிலை உருவானது. அதன் விளைவாக, பகுதிகளாக இறக்குமதி செய்து இங்கே கோத்து விற்றுவந்த ஜெனரல் மோட்டார்சும் ஃபோர்டும் விலகிக்கொண்டன. சென்னையில் 1948இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் போன்ற சில நிறுவனங்களே எஞ்சின. அந்நிலையில் சாலையில் ஓடிக்கொண்டிருந்த செவ்ரோலே, பியூக், ஃபோர்டு முதலிய கார்களுக்கு உதிரிப்பாகம் வருவது அரிதாயிற்று. ஒரு கைப்பிடி உடைந்தால் அதைப் பட்டறையில்தான் மீட்க வேண்டும். இன்று பழங்கார் ஆர்வலர் பேணும் வண்டிகள் பலவும், அக்காலத்து மெக்கானிக்குகள் கைவிடாமல் ஓட வைத்ததால் மிஞ்சியவை.

பட்டறையில் முதல் வேலை உலோகத்தை அடையாளம் காண்பது. துத்தநாக வார்ப்பும் அலுமினிய வார்ப்பும் பார்வைக்கு ஒன்றுபோல் சாம்பல் நிறம். கையில் எடுத்தால் வேறுபாடு தெரியும்: ஒரு கன சென்டிமீட்டர் அலுமினியம் ஏறத்தாழ 2.7 கிராம், துத்தநாகக் கலவை ஏறத்தாழ 6.6 கிராம். ஐயம் இருந்தால், சுரண்டிய இடத்தில் ஒரு சொட்டு மயில்துத்தக் கரைசல் வைக்கலாம். துத்தநாகமானால் அவ்விடம் உடனே கறுக்கும். அலுமினியம் தன் மேலுள்ள ஆக்சைடுப் படலத்தின் காப்பில் பெரிதும் மாறாமல் இருக்கும்.

அந்தக் கறுப்பு செம்பின் கறுப்பு. மயில்துத்தம் என்பது செம்பின் உப்பு. துத்தநாகம் தன் மின்னணுக்களை எளிதில் கொடுத்துவிடும் உலோகம். கரைசலில் உள்ள செம்பு அவற்றைப் பெற்றுக்கொண்டு உலோகமாகப் படிகிறது. துத்தநாகம் அதன் இடத்தில் கரைசலுக்குள் போகிறது. இவ்வாறு படியும் செம்பு ஒட்டுதல் இல்லாத தூள். அதன் மேல் எத்தனை நேர்த்தியாக நிக்கலும் குரோமியமும் பூசினாலும் உரிந்துவிடும். துத்தநாக உறுப்புக்கு மீண்டும் முலாம் பூசுவதில் உள்ள முதல் இடர் இதுவே. இதைத் தவிர்க்க முலாம்பூசுவோர் நெடுங்காலமாகக் கையாண்ட வழி, செம்பைச் சயனைடுக் கரைசலில் கட்டிவைப்பது. சயனைடு செம்பை இறுகப் பற்றிக்கொள்வதால் துத்தநாகம் அதை எளிதில் பறிக்க இயலாது. மின்சாரம் செலுத்தினால் மட்டும் மெல்லிய, உறுதியான செம்புப் படலம் படியும்.

துத்தநாகம், சயனைடு, கரைசலிலிருந்து பிரியும் உலோகம் என்னும் இம்மூன்றும் சேருமிடத்தில் தங்கவயலின் வரலாறு வந்து இணைகிறது. 1880இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் பொறுப்பேற்றபின் கோலார் தங்கவயல் பெருஞ்சுரங்கமாக வளர்ந்தது. பாறையை உலக்கை ஆலைகளில் இடித்து, பாதரசம் பூசிய செம்புத் தகடுகளின் மேல் ஓடவிட்டுப் பொன்னைப் பிடித்தனர். ஆனால் மிக நுண்ணிய பொன் பாதரசத்துக்கு அகப்படாமல் கழிவோடு போயிற்று. கிளாஸ்கோவில் மெக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் 1887இல் காப்புரிமை பெற்ற சயனைடு முறை அக்கழிவைப் பொருளாக்கியது. நீர்த்த சயனைடுக் கரைசலும் காற்றும் சேர்ந்து பொன்னைக் கரைக்கும். அக்கரைசலைத் துத்தநாகச் சீவல் நிரம்பிய பெட்டிகள் வழியே செலுத்தினால் பொன் கருந்தூளாகப் படியும். செம்பை எளிதில் விட்டுக்கொடுக்காத சயனைடும் பொன்னைத் துத்தநாகத்திடம் இழந்துவிடுகிறது. தங்கவயலின் சயனைடு ஆலைகள் இவ்வேதியியலின் மீதே நடந்தன. ஊரைச் சுற்றி இன்றும் நிற்கும் சயனைடுக் குன்றுகள் அதன் எச்சம்.

இம்முறையில் ஒரு நுணுக்கம் உண்டு. தூய துத்தநாகத்தை மட்டும் பெட்டியில் இட்டால் பொன் மெதுவாகவே படியும். ஆகையால் சீவலை முதலில் காரீய அசிடேட் கரைசலில் தோய்ப்பது ஆலைகளின் வழக்கமாயிற்று. துத்தநாகத்தின் மேல் படியும் காரீயம் அதனோடு ஒரு மின்னிணையாக நின்று, துத்தநாகம் கரைவதை விரைவுபடுத்தும். பொன்னும் விரைந்து படியும். துத்தநாகத்தின் அழிவே இங்கே வேலை. காரின் கைப்பிடியில் துத்தநாகம் அழியாமல் இருக்க வேண்டும். ஆகவே அங்கே நூறாயிரத்தில் ஐந்து பங்கு காரீயமே அதிகம். இங்கே அது அழிய வேண்டும்; ஆகவே காரீயம் வேண்டுமென்றே சேர்க்கப்படுகிறது. இவ்விரு அரிப்புகளும் நுணுகிப் பார்த்தால் ஒரே வகையின அல்ல; ஒன்று படிக எல்லைகளின் ஊடே நடப்பது, மற்றொன்று மேற்பரப்பில் நடப்பது. ஆயினும் துத்தநாகத்தின் அருகில் காரீயம் இருந்தால் அது அமைதியாக இராது என்னும் பட்டறிவு இரண்டிலும் பொது. எந்த அசுத்தம் எங்கே நன்மை, எங்கே தீமை என்று அறிவதே இரு தொழில்களின் அடிப்படை.

பழுதுபார்க்கும் முறைக்குத் திரும்பினால், இவ்வறிவின் பயன் ஒவ்வொரு படியிலும் தெரிகிறது. குழிவிழுந்த கைப்பிடியை எடுத்துக்கொள்வோம். முதலில் பழைய குரோமியத்தையும் நிக்கலையும் உரிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு குழியையும் சிறு துளைப்பானால் வெள்ளை உப்பு முழுதும் போகும் வரை அகழ வேண்டும். சிறிது மிஞ்சினாலும் அது பூச்சின் கீழ் மீண்டும் வேலை செய்யும். அடுத்து குழியை நிரப்ப வேண்டும். கைக்கெட்டுவது பற்றாசு, அது வெள்ளீயமும் காரீயமும் கலந்தது. துத்தநாகத்துக்கு ஆகாத இரண்டும் அதில்தான் உள்ளன. நேரே வைத்து உருக்கினால், நோய்க்குக் காரணமான பொருளையே மருந்தென்று ஊட்டியதாகும். அதனால் தேர்ந்தவர்கள் முதலில் சயனைடுக் கரைசலில் செம்புப் படலம் ஏற்றி, அச்செம்பின் மேல் மட்டும் பற்றாசை இட்டு நிரப்புவர். செம்பு இடையில் சுவராக நிற்கும். அரம் கொண்டு சமன்செய்து, மீண்டும் செம்பு ஏற்றி, மெருகிட்டு, நிக்கலும் குரோமியமும் பூசுவது அதன் பின். சில வேளை இந்தச் சுற்று மூன்று நான்கு முறை நடக்கும். சயனைடுக் கரைசலில் அமிலம் கலந்தால் உயிர்கொல்லும் வாயு எழும் என்பதால், இது முறையான முலாம்பூசு ஆலையில் மட்டுமே செய்யத்தக்க வேலை. வீட்டில் செய்து பார்க்கத்தக்கது அன்று. இன்று சயனைடு இல்லாத செம்புக் கரைசல்களும் புழக்கத்தில் உள்ளன.

உடைந்த உறுப்பை ஒட்டுவது இன்னும் கடினம். தமிழ்ப் பொற்கொல்லர் மரபில் பற்றவைப்பதற்குப் பற்றாசுத் தூளும் வெங்காரமும் வைத்து ஊதுகுழலால் ஊதுவர். பொடிவைத்துப் பேசுதல் என்னும் வழக்கு அத்தொழிலிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. பொன்னும் வெள்ளியும் சூடேறும்போது நிறம் மாறும். கொல்லர் அந்நிறத்தைப் பார்த்து ஊதுவதை நிறுத்துவார். துத்தநாகக் கலவை அவ்வாறு எச்சரிப்பதில்லை. நிறம் மாறாமலே இருந்து, ஒரு நொடியில் குழைந்து விழும். அச்சுவார்ப்பின்போது உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து கொப்புளமாகும். வெப்பம் மிஞ்சினால் துத்தநாகம் 907 பாகையில் கொதித்து வெண்புகையாகும். அப்புகையைச் சுவாசித்தவருக்கு அன்று மாலையே குளிரும் காய்ச்சலும் வரும். எனவே நல்ல துத்தநாக உறுப்பின் சிறு முறிவுகளைத் தாழ்வெப்பக் கம்பி கொண்டு ஒட்டலாம். பாரம் தாங்காத இடங்களில் எம்-சீல், அரால்டைட் போன்ற பசைகளும் உதவும். நோய் பற்றிய உறுப்பை எதனாலும் ஒட்ட இயலாது. பற்றும் இடமே பொடியாக இருக்கும்போது பற்றாசு எதைப் பற்றும்?

அந்நிலையில் எஞ்சும் வழி, உலோகத்தை விட்டுவிட்டு உருவத்தை மட்டும் காப்பது. பழைய உறுப்பையே மாதிரியாகக் கொண்டு மணல் அச்செடுத்து, பித்தளையிலோ அலுமினியத்திலோ புதிதாக வார்ப்பர். இதிலும் இரண்டு கணக்குகள் உள்ளன. வார்த்த உலோகம் உறைந்து ஆறும்போது நூற்றுக்கு ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு வரை சுருங்கும், இருபது சென்டிமீட்டர் நீளமுள்ள உறுப்பு இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறுகிவிடும், திருகுத்துளை பொருந்தாது. மறுபுறம், நோயுற்ற மாதிரி ஏற்கெனவே உப்பியிருக்கும். சுருக்கத்துக்குக் கூட்ட வேண்டும், உப்பலுக்குக் கழிக்க வேண்டும். மெழுகாலும் பசையாலும் மாதிரியைத் திருத்தி, அசல் அளவு என்னவாக இருந்திருக்கும் என்று ஊகிப்பது மாதிரி செய்பவரின் வேலை. சிதைந்த ஏட்டுச்சுவடியிலிருந்து மூலபாடத்தை நிறுவும் பதிப்பாசிரியரின் வேலைக்கு இது வெகு தொலைவில் இல்லை.

அலுமினிய உறுப்புகளின் இடர் வேறு வகையானது. அலுமினியம் தென்னிந்தியப் பட்டறைகளுக்குக் காருக்கு முன்பே அறிமுகமானது. 1898இல் சென்னைக் கலைப்பள்ளியில் ஆல்ஃபிரட் சேட்டர்டன் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கினார். 1903இல் அது ஒரு தனியார் கம்பெனியின் கைக்கு மாறியது. சேட்டர்டன் பின்னர் மைசூர் அரசின் தொழில்துறை இயக்குநரானார். 1940இல் பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொடங்கப்பட்டபோது, பாத்திரமாக அறிமுகமான உலோகம் விமானமாயிற்று. அலுமினியத் தகடு அடிக்கவும் வார்ப்பைச் செப்பனிடவும் கற்ற ஒரு தொழிலாளர் தலைமுறை அவ்வட்டாரத்தில் உருவாவதற்கு இத்தகைய ஆலைகள் களமாயின.

அலுமினியம் 660 பாகையில் உருகும். அதன் மேலுள்ள ஆக்சைடுப் படலம் உருக 2000 பாகைக்கு மேல் வேண்டும். உள்ளே நீராகிவிட்ட உலோகம் மேலே தோலால் மூடப்பட்டு நிற்கும். அத்தோலை நீக்காமல் இரு விளிம்புகள் சேரா. கேஸ் வெல்டிங் காலத்தில் அதற்குக் குளோரைடும் ஃபுளோரைடும் கலந்த பொடியைப் பயன்படுத்தினர். இன்று பட்டறைகளில் ஆர்கான் வெல்டிங் என்று வழங்கும் முறையில், மாறுதிசை மின்சாரம் ஓர் அரைச்சுழற்சியில் தோலை உடைக்கிறது, மறு அரைச்சுழற்சியில் உலோகத்தை உருக்குகிறது. ஆர்கான் வாயு புதிய தோல் உருவாகாமல் காக்கிறது. அலுமினியமும் நிறம் மாறி எச்சரிப்பதில்லை. அதனால் பழைய வெல்டர்கள் அசெட்டிலீன் சுடரின் கரியை உறுப்பின் மேல் பூசிவிட்டு, பிறகு சூடேற்றுவர். கரி மறையும் தருணமே முன்சூடு போதும் என்பதற்கு அடையாளம். எஞ்சின் உறுப்பானால் பல்லாண்டு எண்ணெய் அதன் நுண்துளைகளில் ஊறியிருக்கும். அதைக் கக்க வைக்காமல் பற்றவைத்தால் இணைப்பு முழுதும் துளையாகும். விரிசலின் இரு முனைகளிலும் துளையிட்டு அதன் ஓட்டத்தை நிறுத்துவதும், பற்றவைத்தபின் மெல்ல ஆறவிடுவதும் இன்றியமையாதவை.

இத்தகைய நுணுக்கங்கள் பெரும்பாலும் பாடநூல் வழியாக அன்று, வேலையிடத்தில் ஒருவர் பக்கத்தில் ஒருவர் நின்று கடத்தப்பட்டவை. தங்கவயல் அத்தகைய கடத்தல் பல தலைமுறை நடந்த இடம். சுரங்கம் என்றால் நிலத்தடியில் பாறை உடைப்பது மட்டும் அன்று. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்ற அச்சுரங்கத்துக்கு நீரிறைக்கும் பம்புகள், கூண்டுகளை ஏற்றியிறக்கும் இயந்திரங்கள், காற்றழுத்திகள், துளைகருவிகள் ஓயாமல் ஓட வேண்டியிருந்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கடந்து காவிரி மின்சாரம் இங்கே வந்தது. அன்று உலகின் மிக நீண்ட மின்கடத்தல் பாதைகளுள் அதுவும் ஒன்று. இயந்திரங்கள் கப்பலில் வந்தவை. உறுப்பு உடைந்தால் இங்கிலாந்திலிருந்து மற்றொன்று வரும்வரை சுரங்கத்தில் ஊறும் நீர் காத்திராது. வார்ப்பும் கடைசலும் பற்றவைப்பும் இங்கேயே நடந்தாக வேண்டும். மேற்பார்வை ஐரோப்பியரிடமும் ஆங்கிலோ-இந்தியரிடமும் இருந்தது. தொழிலாளரில் பெரும்பான்மையோர் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்து, தட்டி வீடுகளின் லைன்களில் வாழ்ந்த தமிழர். அவர்களில் மிகப் பலர் தலித்துகள். உலோக வேலை குலத்தொழிலாக வாய்க்காத மக்களுக்கு உலோகத்தோடு நெருங்கிப் பழகும் வாய்ப்பு இங்கே கூலி வேலையின் வழியாகத் திறந்தது.

நிர்வாகம் அம்மக்களைப் பார்த்த விதத்துக்கு 1930 வேலைநிறுத்தம் ஒரு சான்று. தொழிலாளர் ஒவ்வொருவரும் கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற புதிய விதியை எதிர்த்து அவர்கள் வேலையை நிறுத்தினர். பொன் திருட்டைத் தடுப்பது என்ற பெயரில் கண்காணிப்பும் சோதனையும் அன்றாடமாக இருந்த இடம் அது. பதிவேடு கேட்டது கைரேகையை. கைத்திறனுக்கு அதில் பத்தி இல்லை.

சுரங்கங்கள் 1956இல் மைசூர் அரசின் உடைமையாகி, 1962இல் நடுவண் அரசின் கைக்கு மாறி, 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்னும் நிறுவனமாகி, 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டன. 1964இல் தொடங்கிய பாரத் எர்த் மூவர்ஸ் ஆலை ஊரில் உலோக வேலையின் மற்றொரு தொடர்ச்சியாக நிலைத்தது. ஆனால் அது எல்லோரையும் ஏற்கும் அளவுக்குப் பெரிதன்று. மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் காலை ரயில்கள் ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கானோரைப் பெங்களூரின் ஆலைகளுக்கும் பட்டறைகளுக்கும் கட்டுமான இடங்களுக்கும் கொண்டுசேர்த்து, இரவில் திருப்பிக் கொணர்கின்றன.

மூடப்பட்ட சுரங்கத்தில் இன்று மதிப்பு எங்கே இருப்பதாகக் கருதப்படுகிறது என்பது கவனிக்கத்தக்கது. ஏறத்தாழ 33 மில்லியன் டன் கொண்ட 13 கழிவுக் குன்றுகளில் இன்னும் எஞ்சியிருக்கும் பொன்னை எடுக்கும் திட்டத்துக்கு 2024இல் கருநாடக அமைச்சரவை இசைவளித்தது. கழிவில் ஒரு டன்னுக்கு எத்தனை பொன் என்பது ஆய்வகத்தில் அளக்கப்பட்ட கணக்கு. அதே ஆலைகளிலும் பட்டறைகளிலும் வேலைசெய்து ஓய்ந்த மனிதரிடம் எஞ்சியிருக்கும் அறிவுக்கு அத்தகைய மதிப்பீடு எதுவும் நடைபெறவில்லை. பழங்கார் கண்காட்சியிலும் இதுவே நிலை. வண்டியின் ஆண்டும் உரிமையாளர் வரிசையும் பலகையில் எழுதப்படும். உள்ளிருந்து பொடிந்த கைப்பிடியை அளந்து, உப்பலைக் கழித்து, சுருக்கத்தைக் கூட்டி, பித்தளையில் மறுபடி வார்த்தவர் பெயர் அதில் இடம்பெறுவதில்லை. அவர் வேலை நன்றாக அமைந்தால் அது வேலையாகவே கண்ணில் படாது என்பதும் ஒரு காரணம்.

தொழில்நுட்ப வரலாறு புதுப்புனைவுகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அந்த வரிசையில் 1887 சயனைடுக் காப்புரிமையும் 1929 ஜமக் கலவையும் இடம்பெறும். ஆனால் ஜமக்கின் தீர்வு புதிய உறுப்புகளுக்கு மட்டுமே பயன்பட்டது. அதற்கு முன்பே வார்க்கப்பட்டு உலகெங்கும் சிதறிக் கிடந்த உறுப்புகளை என்ன செய்வது என்ற கேள்விக்கு எந்தக் காப்புரிமையும் விடை தரவில்லை. விடை தந்தவை பட்டறைகள். அவ்விடை ஒவ்வோர் உறுப்புக்கும் ஒவ்வொன்றாக அமைந்தது. இதைச் செப்பனிடலாம், இதை வார்க்க வேண்டும், இதைத் தொடாமல் விடுவதே நன்று என்று பிரித்தறிவது அத்தொழிலின் உச்சம்.

இத்தொழில்களின் சொற்களையேனும் தொகுக்கலாம். காரீயம், வெள்ளீயம் என்ற இரண்டையும் அன்றாட வழக்கு ஈயம் என்றே சொல்லும். பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் பூசுவது வெள்ளீயம். பழைய குழாயில் இருப்பது காரீயம். எந்த ஈயம், எந்த நாகம் என்ற வினாவுக்கு அகராதி தரும் விடை பொதுவானது. பட்டறை தரும் விடை, கையில் உள்ள அந்த ஒரு துண்டைப் பற்றியது. தங்கவயலின் துத்தநாகப் பெட்டிகளுக்கும் கடைசல் இயந்திரங்களுக்கும் அருகில் நின்றவர்கள் எந்தப் பொருளை எந்தப் பெயரால் அழைத்தார்கள், ஒரு வார்ப்பு கெட்டுவிட்டது என்பதை எந்தச் சொல்லால் சொன்னார்கள் என்பவை, அவர்கள் உயிரோடிருக்கும் காலத்தில் மட்டுமே கேட்டு எழுதத்தக்கவை. குன்றுகளிலுள்ள பொன் இன்னும் சில பத்தாண்டுகள் காத்திருக்கலாம். கடைசி சுரங்கம் மூடப்பட்ட அன்று முப்பது வயதில் இருந்த தொழிலாளர் இப்போது ஐம்பதைக் கடந்துவிட்டார். அவருக்குத் தொழில் கற்றுத்தந்தவர் எழுபதைக் கடந்தவர்.